பழைய கார்களில் கழலும் நட்டுகள்

வண்டி ஓடும்போது ஏற்படும் அதிர்வால் நட்டுகள் தாமாகக் கழல்வது, மோட்டார் கார் தோன்றிய நாள் முதல் பொறியாளர்களுக்குத் தலைவலியாக இருந்து வந்த சிக்கலாகும். கதவுக் கைப்பிடியில் ஒரு நட்டு கழன்றால் சத்தம்தான் வரும். ஸ்டியரிங்கில் கழன்றால் உயிர் போகும். ஆனால் அது ஏன் கழல்கிறது என்பது தெளிவாவதற்குள், இன்று பழங்கார்கள் என்று போற்றப்படும் வண்டிகளில் பெரும்பாலானவை தொழிற்சாலையை விட்டு வெளியே வந்துவிட்டன.

கணக்குப்படி நட்டு கழலவே கூடாது. போல்ட்டின் புரி என்பது உருளையைச் சுற்றிய ஒரு சாய்தளம். சாதாரண 10 மி.மீ. போல்ட்டில் அதன் சாய்வு சுமார் 3 பாகைதான். எஃகின் மேல் எஃகு தானாக வழுக்க அதைப் போல் இரு மடங்குக்கும் மேலான சாய்வு வேண்டும். ஆகவே உராய்வே நட்டைப் பிடித்து நிறுத்திவிடும். நின்ற வண்டியில் இது உண்மை. ஓடும் வண்டியில் பொய்த்தது.

காரணம் தெரியாத நிலையில் தொடக்ககால உற்பத்தியாளர்கள் நட்டைக் கட்டிப்போட்டார்கள். 1908-இல் வந்த போர்டு மாடல் டி காரின் முக்கிய இணைப்புகளில், கோட்டை மதில் போல மேல்விளிம்பில் பள்ளங்கள் கொண்ட நட்டும், போல்ட்டின் துளை வழியே செருகி மடக்கப்படும் ஸ்பிளிட் பின்னும் இருந்தன. இறுக்கம் குறைவதை இந்தப் பின் தடுப்பதில்லை. நட்டு கழன்று விழாமல் மட்டுமே காக்கிறது. உயிர் காக்க அது போதும்.

மலிவான மாற்று ஸ்பிரிங் வாஷர். கோடிக்கணக்கில் விற்ற இந்த வளையத்தின் மதிப்பு பெரும்பாலும் நம்பிக்கையில்தான் இருந்தது. நட்டை முழுதாக இறுக்கும்போது அது தட்டையாகி, வெறும் வாஷராகிவிடுகிறது. பூட்டும் திறன் எதுவும் மிஞ்சுவதில்லை என்று 1990-இல் வெளியான நாசாவின் கையேடு ஒன்று கூறுகிறது. உள்ளே நார்வளையமும் பின்னர் நைலான் வளையமும் பொருத்திய நட்டு இதைவிட மேலானது. வளையம் புரியை இறுகப் பற்றிக்கொள்ளும்.

1953-இல் அமெரிக்காவின் ஹார்ட்போர்டு நகரிலுள்ள டிரினிடி கல்லூரி வேதியியல் பேராசிரியர் வெர்னன் கிரீபிள் வேறு வழி கண்டார். காற்றுப் படும்வரை திரவமாகவே இருந்து, புரிகளுக்கிடையே காற்றில்லாத இடத்தில் உலோகத்தைத் தொட்டதும் கெட்டிப்படும் பசை அது. லாக்டைட் என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. அதன் குப்பியை இன்றும் முழுதாக நிரப்புவதில்லை. உள்ளே காற்று இல்லாவிட்டால் பசை குப்பியிலேயே இறுகிவிடும்.

உண்மைக் காரணத்தை 1969-இல் ஜெர்மன் பொறியாளர் கெர்ஹார்டு யுங்கர் விளக்கினார். இணைத்த தகடுகளைப் பக்கவாட்டில் அசைக்கும் கருவியில் போல்ட்டை வைத்து, அதன் இழுவிசை குறைவதை அளந்தார். நீளவாக்கில் வரும் அதிர்வைவிடத் தகடுகள் குறுக்கே வழுக்குவதே பெருங்கேடு என்று தெரிந்தது. சாய்ந்த பலகையில் அசையாமல் நிற்கும் மரக்கட்டையைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டும் திசையில் மட்டுமல்ல, கீழ்நோக்கியும் அது நகரும். நட்டும் அப்படித்தான் புரியில் இறங்குகிறது. தகடுகள் வழுக்காத அளவுக்குப் போல்ட்டை இறுக்கினால் பல இடங்களில் தனிப் பூட்டே தேவையில்லை.

பழங்காரைச் சீரமைப்போர் இதைப் படித்துவிட்டு ஸ்பிளிட் பின்னைத் தூக்கி எறிந்துவிடக் கூடாது. ஸ்டியரிங் மூட்டுகளில் அது இருந்தே ஆகவேண்டும்; கழற்றும் ஒவ்வொரு முறையும் புதிய பின் போட வேண்டும். அங்கே பள்ளமும் துளையும் நேராக வராவிட்டால் நட்டைச் சற்று முன்னே இறுக்க வேண்டுமே தவிர, பின்னே தளர்த்தலாகாது. சக்கரத்தின் கூம்பு பேரிங் மட்டும் இதற்கு விலக்கு. அங்கு இறுக்கம் மிகுந்தால் பேரிங் சூடேறிக் கெடும். புகைபோக்கிக் குழாய்க்கு அருகில் நைலான் நட்டு வேண்டாம். சூட்டில் வளையம் இளகிவிடும்.