வடபுலத்துத் தொலைக்கல்வி: ஒரு வரலாற்று நோக்கு

மாணவன் பள்ளியை நாடிச் செல்லுதலே கல்வியுலகின் பொதுமரபு. அம்மரபு இடர்ப்படும் நிலங்களுள் ஒன்று, கனடா நாட்டு ஒன்றாரியோ மாகாணத்தின் வடபகுதி. ஆண்டு முழுதும் செல்லத்தக்க சாலையில்லா ஊர்கள் ஈண்டுப் பல. சிறு வானூர்தியும், குளிர்காலத்து உறைந்த ஏரிகளின்மேல் அமையும் பாதையுமே அவற்றுக்கு வழி.

இத்தகைய ஊர்ப் பிள்ளைகட்குக் கல்வி இருவழியால் அளிக்கப்பட்டது. பிள்ளையைப் பள்ளிக்குக் கொணர்தல் ஒன்று. பள்ளியைப் பிள்ளைபாற் செலுத்துதல் மற்றொன்று. முன்னதன் கொடிய வடிவம் உறைவிடப் பள்ளி. கனடா முழுவதிலும் ஏறத்தாழ 1,50,000 முதற்குடிப் பிள்ளைகள் பெற்றோரையும் தாய்மொழியையும் பிரிந்து அவற்றில் வைக்கப்பெற்றனர்.

பின்னது 1926-இல் தோன்றியது. புகைவண்டிப் பெட்டிகள் வகுப்பறைகளாயின. கிளைத்தடத்தில் சில நாள் நின்று பாடம் நடத்தி, மீண்டு வருமளவும் செய்தற்குரிய பயிற்சிகளைத் தந்து அவை அகலும். 1967 வரை நிகழ்ந்த அம்முறை, இருப்புப்பாதை இல்லா ஊர்களை எட்டவில்லை. 1986-இல் மாகாண அரசு ‘காண்டாக்ட் நார்த்’ என்னும் தொலைக்கல்வி அமைப்பை நிறுவியது. 2000-ஆம் ஆண்டையொட்டி முதற்குடித் தலைவர் அவையொன்று கீவேட்டினூக் இணைய உயர்நிலைப்பள்ளியைத் தொடங்கியது. பாடம் இணையவழி வரும். ஊர் வகுப்பறையில் ஆசிரியர் ஒருவர் உடனிருப்பார்.

இதன் இன்றியமையாமையை ஒரு துயர நிகழ்ச்சி உணர்த்தும். உயர்நிலைக் கல்வியின்பொருட்டு வடபுலத்தூர்களினின்று தண்டர் பே நகர் சென்ற இளையோர் எழுவர், 2000 முதல் 2011 வரையுள்ள காலத்தில் உயிர்நீத்தனர். அவர்தம் இறப்புப் பற்றிய விசாரணை 2016-இல் முடிவெய்தியது. ஆதலின், வடபுலத் தொலைக்கல்வியைக் கருவிகளின் வளர்ச்சியாக மட்டும் ஆராய்தல் பொருந்தாது. பெற்றோர் இல்லத்திலிருந்தே கற்கும் உரிமையின் வரலாறாகவும் அதனைக் கொள்ளல் வேண்டும்.