பானை செய்த வீடுகள்

பாரிவாக்கத்தில் வீடு கட்டிக் குடிவந்தபோது தெருப்பக்கமாகக் கார் நிறுத்த ஓர் இடம் விட்டிருந்தோம். சில வருடங்கள் கார் நின்றது. நான் ஓய்வு பெற்ற பிறகு காரை விற்றோம். பழைய நாளிதழ்களும் பேரனின் உடைந்த மூன்று சக்கர வண்டியும் அந்த இடத்தை எடுத்துக்கொண்டன. இப்போது அங்கே ஒரு மின்சாரச் சக்கரம், மரத் தட்டுகள், மண் கரைத்த வாளிகள், மூலையில் பீரோ அளவுக்கு ஒரு மின்சூளை. என் மருமகளின் மண்பாண்டப் பட்டறை அது. கணினி வேலையில் இருந்தவள், பேரன் பிறந்த பிறகு வேலையை விட்டாள். வனையக் கற்றுக்கொண்டாள். கப், கிண்ணம், பூந்தொட்டி என்று செய்து விற்கிறாள்.

போன பங்குனியில் ஒரு கல்யாண வீட்டுக்காக நாற்பது கப் கேட்டிருந்தார்கள். வனைந்து தட்டில் வரிசையாக வைத்திருந்தாள். பேரனின் பள்ளியில் கூட்டம் என்று கிளம்பும்போது என்னிடம் சொன்னாள்: “மாமா, மூணு மணிக்கு அந்தக் கப்புங்க மேல பிளாஸ்டிக் கவரைப் போட்டு மூடிடுங்க. மறந்துடாதீங்க.”

மறந்துவிட்டேன். சாப்பிட்டுவிட்டுப் படுத்தவன் நாலரை மணிக்குத்தான் எழுந்தேன். பங்குனி வெயிலும் காற்றும் வேலையை முடித்திருந்தன. கைப்பிடி ஒட்டவேண்டிய பதம் தாண்டிவிட்டது. அன்றிரவு அவள் ஒட்டிப் பார்த்த கைப்பிடிகள் மறுநாள் காலையில் ஒவ்வொன்றாக விரிசல் விட்டுக் கழன்றன. கல்யாண வீட்டாருக்குச் சொன்ன தேதியில் கொடுக்க முடியவில்லை.

மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக நான் சொன்னது இது: “வீடுன்னா வீடா இருக்கணும்மா. பட்டறையையும் வீட்டையும் ஒண்ணாப் போட்டா இப்படித்தான் ஆகும்.”

அவள் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் சக்கரத்தின் மேல் ஒரு பழைய போர்வை கிடந்தது. ஒன்பது நாள் அந்தப் போர்வை நகரவில்லை. என் மனைவிதான் ஒரு நாள் காப்பியை வைத்துவிட்டுக் கேட்டாள்: “முப்பத்தஞ்சு வருஷம் நீங்க வேலைக்குப் போனீங்களே, உங்க டிபன் பாக்ஸ் தானா நிரம்புச்சா?”

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் ஒன்று தோன்றியது. வீடு வேறு, பட்டறை வேறு என்று நான் பேசினேனே, மண்பாண்டத் தொழிலில் அப்படி எப்போதாவது இருந்ததா? எனக்குத் தெரிந்ததையும் தேடிப் படித்ததையும் சேர்த்து இந்தப் பதிவில் எழுதுகிறேன்.

முதலில், இந்த வேலையின் இயல்பு. மண் கடிகாரம் பார்ப்பதில்லை, ஈரம் பார்க்கிறது. வனைந்த உடனே தொட்டால் நசுங்கும். சில மணி நேரம் கழித்துத் தோல் போல இறுகி நிற்கும்; அடியைச் சீவுவதும் கைப்பிடி ஒட்டுவதும் அப்போதுதான். அந்தப் பதம் போய்விட்டால் ஒட்டாது. நன்றாக உலராமல் சூளையில் வைத்தால் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகிப் பானையை வெடிக்க வைக்கும். நடுவில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் விருந்தாளி வந்தாலும் மண் காத்திருக்காது. யாராவது ஒருவர் பக்கத்தில் இருந்து துணி போட வேண்டும், எடுக்க வேண்டும், வெயிலில் வைக்க வேண்டும், மழை வந்தால் உள்ளே கொண்டுவர வேண்டும். அதனால்தான் உலகத்தில் பெரும்பாலான இடங்களில் குயவரின் வீடே குயவரின் பட்டறையாகவும் இருந்தது. மண்ணுக்குக் காவல் இருக்க ஒரு குடும்பம் தேவைப்பட்டது.

நம் சென்னையிலேயே புரசைவாக்கத்துக்குப் பக்கத்தில் கொசப்பேட்டை இருக்கிறது. குயவர்கள் குடியிருந்த பேட்டை என்பதே பெயரின் பொருள். விநாயகர் சதுர்த்திக்கு முன்னால் அங்கே போனால் இன்றும் பார்க்கலாம்: வாசலில் பிள்ளையார்கள் காயும், உள்ளே சோறு வேகும். நவராத்திரிக்குக் கொலுப் பொம்மை, கார்த்திகைக்கு அகல், பொங்கலுக்குப் பானை என்று ஆண்டு முழுவதும் பண்டிகைக் கணக்கில் ஓடும் தொழில் இது. ஊரே பண்டிகை கொண்டாடும்போது, அதற்கு முந்தைய வாரங்களில் இந்த வீடுகளில் தூக்கம் இருக்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் காயாது, சூளையும் எரியாது. மழைக்காலத்தில் வேலையில்லாமல் போகும் மண்பாண்டத் தொழிலாளர்களுக்கு அரசு நிவாரணத் தொகை கொடுப்பது இதனால்தான்.

அந்த வீட்டில் யார் என்ன செய்தார்கள்? குயவர் என்றால் நம் மனதில் வரும் படம், சக்கரத்தின் முன்னால் குந்தியிருக்கும் ஓர் ஆண். படம் பொய்யில்லை. நம் நாட்டின் பல பகுதிகளில் பெண்கள் சக்கரத்தைத் தொடக்கூடாது என்ற கட்டுப்பாடே இருந்தது. ஆனால் ஒரு பானை சக்கரத்தில் இருக்கும் நேரம் சில நிமிடங்கள்தான். அதற்கு முன்னால் மண்ணை உடைக்க வேண்டும், கல் பொறுக்க வேண்டும், சலிக்க வேண்டும், ஊறவைத்து மிதிக்க வேண்டும். அதற்குப் பிறகும் வேலை இருக்கிறது. நம் ஊர்த் தண்ணீர்ப் பானை சக்கரத்திலிருந்து இறங்கும்போது பல இடங்களில் அதற்கு அடியே இருக்காது. உள்ளே ஒரு கையால் வழவழப்பான கல்லைத் தாங்கிக்கொண்டு, வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டி அடியை மூடிப் பானையை உருட்டுவார்கள். பிறகு காய வைத்து, செம்மண் பூசி, சூளை அடுக்கி, சுட்டதைக் கூடையில் ஏற்றிச் சந்தைக்குக் கொண்டுபோக வேண்டும். இதில் பெரும்பகுதி பெண்களின் வேலை. அதற்கு நடுவில்தான் சமையலும் பிள்ளைகளும்.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தெருவுக்கு ஒரு பானைக்காரம்மா வருவார். என் அம்மா பானையை விரல் முட்டியால் தட்டிக் காது கொடுத்துக் கேட்டுத்தான் வாங்குவாள். இத்தனைக்கும் அந்தப் பானைகளை நாங்கள் “குயவர் செஞ்ச பானை” என்றுதான் சொன்னோம்.

இதற்கு நல்ல உதாரணம் மானாமதுரை. அங்கே செய்யும் கடத்துக்குக் கச்சேரி மேடைகளில் தனி மதிப்பு. மானாமதுரை மண்பாண்டங்களுக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. கடத்தைச் சக்கரத்தில் வனைவதோடு வேலை முடிவதில்லை. சுவர் எல்லா இடத்திலும் ஒரே கனத்தில் இறுகும்வரை ஆயிரக்கணக்கான முறை தட்ட வேண்டும். நாதம் அந்தத் தட்டலில்தான் வருகிறது. அப்படித் தட்டிச் சுருதி கொண்டுவருவதில் பெயர் பெற்றவர் மீனாட்சி கேசவன். கல்யாணமாகிப் போன வீட்டில் இந்தத் தொழிலுக்குள் வந்தவர். அவருக்குச் சங்கீத நாடக அகாதமி விருது கிடைத்தது. கடம் செய்யும் வீட்டில் தட்டியவருக்கும் பெயர் உண்டு என்று நாடு ஒப்புக்கொண்ட அபூர்வமான தருணம் அது.

அபூர்வம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், பானையின் வரலாற்றில் செய்தவர் பெயர் தெரிவதே அரிது. பல்லாவரத்தில் அலெக்சாண்டர் ரீ கண்டெடுத்த, பல கால்கள் கொண்ட சுட்டமண் ஈமப்பேழையை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்த்திருக்கிறேன். எவ்வளவு பொறுமையான வேலை! செய்த கை யாருடையது என்று யாருக்கும் தெரியாது. கீழடியில் கிடைத்த ஓடுகளில் ஆதன், குவிரன் என்று தமிழ் பிராமியில் பெயர்கள் கீறியிருக்கின்றன. ஆனால் இப்படிக் கீறிய பெயர்களைப் பாத்திரத்தின் சொந்தக்காரர் பெயர்கள் என்றே பொதுவாகக் கருதுகிறார்கள். புறநானூற்றின் 256-ஆம் பாட்டில் கணவனை இழந்த ஒரு பெண், தனக்கும் சேர்த்து இடம் இருக்கும்படி ஈமத்தாழியை அகலமாகச் செய்யச் சொல்லிக் குயவரிடம் கேட்கிறாள். ஊரின் துக்கத்தையெல்லாம் கேட்ட அந்தக் குயவருக்கும் பெயரில்லை.

பெயர் உள்ள ஒரு குயவரும் உண்டு. எங்கள் பகுதிக்காரர்களுக்கு அவர் கதை நெருக்கமானது, ஏனென்றால் பெரியபுராணம் பாடிய சேக்கிழார் பக்கத்திலிருக்கும் குன்றத்தூர்க்காரர். சிதம்பரத்தில் வாழ்ந்த திருநீலகண்ட நாயனார் சிவனடியார்களுக்கு ஓடு செய்து கொடுத்தவர். அவர் வேறொரு பெண்ணிடம் போய் வந்தது தெரிந்ததும், மனைவி திருநீலகண்டத்தின் மேல் ஆணையிட்டுத் தன்னைத் தொடக்கூடாது என்றாள். ஊருக்குத் தெரியாமல், ஒரே வீட்டில், ஒருவரை ஒருவர் தொடாமல் முதுமை வரை வாழ்ந்தார்கள். கடைசியில் ஒரு யோகியாக வந்த இறைவன் கொடுத்துவைத்த ஓடு காணாமல் போக, வழக்கு வந்து, ஒரு கோலின் இரண்டு முனைகளையும் பிடித்துக்கொண்டு இருவரும் குளத்தில் மூழ்கி இளமையோடு எழுந்தார்கள் என்பது கதை.

இதைப் பக்திக் கதையாகத்தான் கேட்டு வளர்ந்தேன். இப்போது படித்தபோது வேறொன்று கண்ணில் பட்டது. அத்தனை வருடங்களும் அந்த வீட்டில் மண் மிதிபட்டிருக்கும், ஓடு சுட்டிருக்கும், அடியாருக்குச் சோறும் வெந்திருக்கும். கணவனோடு மனம் கசந்தாலும் அந்த அம்மாள் வேலையை விட்டதாகக் கதையில் இல்லை. நாயனாரின் பெயர் நமக்குத் தெரியும். அந்த அம்மாளின் பெயரைச் சேக்கிழார் சொல்லவில்லை.

கடல் தாண்டி ஒரு கதை இதற்கு நேர் எதிராக இருக்கிறது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் சான் இல்டெபோன்சோ என்ற பழங்குடி ஊர். அங்கே பானை செய்வது பெண்கள் வேலை. மரியா மார்டினெஸ் கையால் பானை செய்வார், கணவர் ஜூலியன் அதன்மேல் சித்திரம் வரைவார். 1920-ஐ ஒட்டி அவர்கள் உண்டாக்கிய கருப்பின்மேல் கருப்புப் பானைகள் உலகப் புகழ் பெற்றன. ஆரம்பத்தில் பானையில் மரியாவின் பெயர் மட்டுமே இருந்தது. பெண்கள் வேலையில் ஆணின் பெயர் எதற்கு என்று விட்டுவிட்டார்கள். பிறகு இரண்டு பெயர்களையும் போட்டார்கள். 1943-இல் ஜூலியன் இறந்ததும், சித்திரம் வரைய உட்கார்ந்தவர் அவர்களுடைய மருமகள் சாந்தானா. அந்தக் காலத்துப் பானைகளின் அடியில் மாமியார் பெயரும் மருமகள் பெயரும் சேர்ந்தே இருக்கின்றன. அதைப் படித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

நம் ஊரில் அந்தப் பழைய வீடுகள் ஏன் குறைந்தன? முக்கியக் காரணம் உலோகம். மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர் 1850-இல் சென்னையில் ஒரு கலைப்பள்ளி தொடங்கினார். அங்கே மண்பாண்ட வேலையும் நடந்தது. அதே பள்ளியில்தான் ஆல்பிரட் சாட்டர்டன் 1898-இல் அலுமினியப் பாத்திரம் செய்யும் முயற்சியை ஆரம்பித்தார். அலுமினியமும், பின்னால் எவர்சில்வரும் அடுக்களைக்குள் வந்தன. கீழே விழுந்தால் உடையாது என்ற ஒரு குணம் போதுமானதாக இருந்தது. என் அம்மாவே மீன்குழம்புக்கு மட்டும் ஒரு மண்சட்டியை வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் மாற்றிவிட்டாள். இன்னொரு காரணம் மண். ஏரிகள் வீட்டுமனைகளாகச் சுருங்கின, மண் எடுக்க அனுமதிக்கு அலைய வேண்டியிருந்தது. 2024-இல்தான் வட்டாட்சியர் அளவிலேயே அந்த அனுமதியைப் பெறலாம் என்று அரசு எளிதாக்கியது.

பழைய வீடுகள் குறைந்துவந்த காலத்தில், புதிதாக ஒரு வழி திறந்தது. 1971-இல் டெபோரா ஸ்மித், ரே மீக்கர் என்ற இரண்டு அமெரிக்கர்கள் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். டெபோரா ஜப்பானில் இந்தத் தொழிலைக் கற்றவர். ஆயிரத்து இருநூறு டிகிரிக்கு மேல் சுடும் கெட்டியான பாண்டங்கள் அங்கே உருவாயின. நாடு முழுவதிலிருந்தும் வந்து படித்தவர்கள் தங்கள் ஊர்களில் பட்டறை வைத்தார்கள். பரம்பரையாக வராதவர்களும் பெண்களும் சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்தார்கள். எங்கள் கார் ஷெட்டில் சக்கரம் வந்ததும் இந்த நீண்ட கதையின் ஒரு சிறு முனைதான்.

இங்கேதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. பழைய வீட்டில் சக்கரம் ஒருவர் கையில் இருந்தாலும், மண்ணுக்குக் காவலாக ஒரு குடும்பமே இருந்தது. அவர்களைக் கணக்கில் சேர்க்கவில்லை, அவ்வளவுதான். புதிய வீட்டில் சக்கரம் பெண்ணின் கைக்கு வந்துவிட்டது. ஆனால் சலிப்பவரும் மிதிப்பவரும் துணி போடுபவரும் வரவில்லை. அத்தனையும் அவளே. சமையலும் பிள்ளையும் பழையபடி அவளே. பிறகு நாம், “வீட்டையும் தொழிலையும் சமாளிக்கத் தெரியவில்லை” என்கிறோம். சமாளிக்க வேண்டியது அவள் ஒருத்தியா?

பத்தாம் நாள் காலையில் ஷெட்டுக்குப் போனேன். விரிசல் விட்ட நாற்பது கப்பும் அப்படியே தட்டில் இருந்தன. மருமகளைக் கூப்பிட்டு, “தப்பு என்மேலதாம்மா. நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது” என்றேன். அவள் கப்புகளைப் பார்த்தாள். “சுடலையே மாமா, தண்ணில போட்டா திரும்ப மண்ணுதான்” என்றாள்.

இரண்டு பேரும் சேர்ந்து உடைத்து வாளியில் போட்டோம். இரண்டு நாளில் கரைந்து சேறானது. சலித்து, துணியில் கட்டித் தொங்கவிட்டு, நீர் வடிந்ததும் பிசைந்தது நான். அடுத்த நாள் தோள்பட்டை வலி. அவள் அந்த மண்ணிலேயே கப் வனைந்தாள், வேறு ஒருவருக்காக. கல்யாண வீட்டார் திரும்ப வரவில்லை.

இப்போது ஷெட் சுவரில் ஒரு கரும்பலகை தொங்குகிறது. எந்தத் தட்டை எப்போது மூட வேண்டும், எப்போது திருப்ப வேண்டும் என்று எழுதியிருக்கும். மண் சலிப்பதும் பிசைவதும் மூன்று மணித் துணியும் என் கணக்கு. சூளை எரியும் நாளில் இரவுச் சமையல் மகன் கணக்கு. இரண்டு முறை மறந்தான், ஓட்டலில் வாங்கிச் சாப்பிட்டோம். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

வரும் கார்த்திகைக்கு அகல் வாங்கும்போது விற்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்: மண் மிதித்தது யார், காயவைத்தது யார், அவர்கள் பெயர் என்ன?

மணி இரண்டே முக்கால் ஆகிறது. கவர் போடப் போக வேண்டும். அடுத்த பதிவில் பார்ப்போம்.