தம்போய் ஆஸ்பத்திரியின் கதை

"ஒன்னைத் தம்போய்க்குத்தான் அனுப்பணும்!" என்று பிள்ளைகளை அதட்டாத வீடு நம் ஜொகூர்த் தோட்டங்களில் குறைவு. ஜொகூர் பாருவை அடுத்துள்ள அந்த மனநோய் மருத்துவமனையின் பெயரைச் சொல்லிச் சிரிக்கிறோமே தவிர, அந்தக் கட்டடம் கண்ட காலத்தை நாம் விசாரித்ததில்லை. மாணவச் செல்வங்கள் தெரிந்துகொள்ளச் சிறிது எழுதுகிறேன்.

சுல்தான் இப்ராஹிம் ஆட்சியில், வெள்ளைக்கார ஆலோசகர்கள் இருந்த 1930-களில் எழுந்தது அது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் காய்ச்சலுக்கு மருந்து கிடைக்கும். மனம் கலங்கினவருக்கு அங்கே ஏது வைத்தியம்?

1941 நவம்பரில் 13-வது ஆஸ்திரேலியப் பொது மருத்துவமனை என்னும் ராணுவ மருத்துவப் பிரிவு அங்கே குடிவந்தது. டிசம்பர் 8-இல் ஜப்பான் படை கோத்தா பாருவில் இறங்கியது. ஜனவரியில் கெமாஸ், மூவார் சண்டைகள். காயம்பட்டவர்கள் வண்டி வண்டியாக வந்தார்கள். ஜப்பான்காரன் நெருங்கவே, அம்மாதக் கடைசியில் மருத்துவர்களும் தாதியரும் நோயாளிகளோடு சிங்கப்பூருக்குப் பின்வாங்கினார்கள். ஜனவரி 31-இல் ஜொகூர்ப் பாலம் தகர்க்கப்பட்டது.

அந்தத் தாதியரின் கதிதான் நெஞ்சைப் பிசைகிறது. 1942 பிப்ரவரி 12-இல் 65 ஆஸ்திரேலியத் தாதியர் 'வைனர் புரூக்' கப்பலில் சிங்கப்பூரை விட்டுப் புறப்பட்டனர். தம்போயில் பணிபுரிந்தவர்களும் அவர்களில் இருந்தனர். இரண்டு நாளில் கப்பலைக் குண்டுபோட்டு மூழ்கடித்தார்கள். பங்கா தீவில் கரையேறிய 22 தாதியரைக் கடலுக்குள் நடக்கச் சொல்லி, பின்னாலிருந்து சுட்டார்கள். பிழைத்தவர் விவியன் புல்விங்கிள் ஒருவரே. அவரும் தம்போய்த் தாதிதான். 65 பேரில் ஊர் திரும்பியவர்கள் 24 பேர்.

சரி, காலியான ஆஸ்பத்திரி என்னவாயிற்று? அதுதான் கொடுமை. ஜப்பானியரின் 9420-ஆம் பிரிவு, நோயையே ஆயுதமாக்கும் வேலையை அங்கே நடத்தியது. எலிகளில் தெள்ளுப்பூச்சி வளர்த்து, அவற்றைக் கொண்டு பிளேக் பரப்பும் முயற்சி! பிணி தீர்க்கக் கட்டிய இடத்தில் பிணி வளர்த்தார்கள். அப்பிரிவின் சிங்கப்பூர்க் கூடத்தில் இளவயதில் எடுபிடியாக இருந்த ஒத்மான் வோக், பின்னாளில் சிங்கப்பூர் அமைச்சரானவர். தாம் கண்டதை 1991-இல் பத்திரிகைக்குச் சொன்னார். ஏறக்குறைய ஐம்பது வருஷம் கழித்துத்தான் இந்தச் சேதி ஊருக்குத் தெரியவந்தது.

போருக்குப் பின் கட்டடம் மீண்டும் மனநோயாளிகளுக்கே ஆயிற்று. இன்று அதன் பெயர் பெர்மாய் மருத்துவமனை. மலாயில் 'பெர்மாய்' என்றால் அழகு.