குப்பாயமும் புனிதர் வேடமும்

அக்டோபர் திங்களின் இறுதி மாலையில் மேலைநாட்டார் பேயாகவும் சூனியக்காரியாகவும் வேடம் புனைந்து தெருவில் உலவுகின்றனர். 'ஹாலோவீன்' என்னும் அப்பெயர் நமக்கு அந்நியமானதன்று. 'புனிதர் அனைவர் பெருவிழாவுக்கு முந்திய மாலை' என்பதே அதன் பொருள். எட்டாம் நூற்றாண்டில் திருத்தந்தை மூன்றாம் கிரகோரி, உரோமைப் புனித பேதுரு பேராலயத்தில் புனிதர் அனைவர்க்கும் ஒரு சிற்றாலயத்தை நேர்ந்தளித்தார். 835இல், நான்காம் கிரகோரியின் காலத்தில், நவம்பர் முதல் நாள் பிராங்குப் பேரரசு முழுவதற்கும் உரிய விழாவாயிற்று. இடைக்காலத்து ஏழைகள் வீடுவீடாகச் சென்று, இறந்தோர்க்காக மன்றாடுவதாகச் சொல்லி அப்பம் பெற்றனர். 19ஆம் நூற்றாண்டில் அயர்லாந்திலிருந்து குடியேறியவர்கள் இவ்வழக்கங்களை அமெரிக்காவுக்குக் கொண்டு சென்றனர். இன்று மன்றாட்டு மறைந்து வேடம் மட்டும் எஞ்சி நிற்கிறது.

அந்த வேடத்தைப் புனிதர்பால் திருப்பலாமே என்று கருதி, சில ஆண்டுகளுக்கு முன் எம் பங்கின் பெண்களைப் புனிதையர் கோலத்தில் அம்மாலைக்கு வருமாறு அழைத்தேன். என் எண்ணம் நல்லதே; செய்த ஏற்பாடுதான் தவறு. நாடக உடைகளை வாடகைக்கு எடுக்கலாம் என்றேன். வசதியுள்ளோர் சரிகை மின்ன வந்தனர். வழக்கமாக முன்வரிசையில் மண்டியிடும் அம்மையார் ஒருவரைக் காணவில்லை. மறுநாள் வினவியபோது, "சாமி, எனக்கு அந்த உடுப்புக்குக் காசில்லை, வெறுஞ்சேலையோடு வர வெட்கமா இருந்தது" என்றார். அச்சொல் என்னைச் சுட்டது. ஆடையின் பொருட்டு ஒரு பெண் ஆலயத்துக்கு வர வெட்கினாள் என்றால், அதுவும் இந்த மண்ணிலே என்றால், நாம் வரலாற்றை மறந்தோம் என்றே பொருள்.

திருவிதாங்கூர் ஆட்சியில், நாஞ்சில் நாட்டிலும் அதன் மேற்குப் பகுதிகளிலும், நாடார் முதலிய பல சாதிப் பெண்கள் மேலாடை அணிதல் மறுக்கப்பட்டிருந்தது. வறுமை அன்று அதற்குக் காரணம். யார் உயர்ந்தோர், யார் தாழ்ந்தோர் என்பதை உடம்பிலேயே எழுதிக் காட்டும் ஏற்பாடு அது. கர்னல் மன்றோ திவானாக இருந்த காலத்தில், 1814இல், கிறிஸ்தவம் தழுவிய பெண்கள் குப்பாயம் அணிய ஆணை பிறந்தது. குப்பாயம் என்பது தோள்முதல் இடைவரை மறைக்கும் தளர்ந்த சட்டை. அதற்குச் சரிகையும் வேண்டா, பட்டும் வேண்டா. சிறிது பருத்தித் துணியும் ஊசியும் நூலும் போதும். நாகர்கோவிலிலும் நெய்யூரிலும் இலண்டன் மிஷனரிமாரின் துணைவியர் பெண்களுக்குத் தையல் கற்பித்தனர். வீட்டுத் திண்ணையில் தைக்கத்தக்க மலிவான ஆடை அது.

அம்மலிவான ஆடைக்குக் கொடுத்த விலையோ பெரிது. 1822 முதல் கல்குளம் பகுதியில் பெண்கள் சந்தையிலும் சாலையிலும் தாக்கப்பட்டு, அவர்தம் ஆடைகள் கிழிக்கப்பட்டன. 1829இல் வந்த அரச விளம்பரம் குப்பாயத்தை அனுமதித்தது. உயர்சாதியார்போல் தோள்சீலை இடுவதைத் தடுத்தது. 1858 இறுதியில் மீண்டும் கலவரம் மூண்டது. வீடுகளும் பள்ளிகளும் செபக்கூடங்களும் எரிந்தன. சென்னை ஆளுநர் திரெவெலியன் வற்புறுத்தியபின், 1859 ஜூலை 26இல் மன்னர் உத்திரம் திருநாள் மார்த்தாண்டவர்மா புதிய விளம்பரம் செய்தார். நாடார் பெண்கள் அனைவரும் குப்பாயம் அணியலாம். அல்லது கடற்கரை முக்குவப் பெண்களைப்போல் முரட்டுத்துணியைச் சுற்றிக்கொள்ளலாம். உயர்சாதிப் பெண்களைப்போல் மட்டும் உடுத்தலாகாது என்றது அது.

கடற்கரை வாசகர்களே, அந்த உவமையைச் சற்று நின்று நோக்குங்கள். தூய சவேரியார் காலந்தொட்டுத் திருமுழுக்குப் பெற்ற நம் அன்னையரின் முரட்டுத்துணியே, அரசின் அளவுகோலில் 'இதற்கு மேல் ஏறாதே' என்னும் எல்லைக்கோடாயிற்று!

இப்போராட்டத்தில் முன்நின்றவர்கள் பெரும்பாலும் சீர்திருத்த சபையினர். அதைச் சொல்ல நாம் கூசவேண்டியதில்லை. நம் வீட்டுக் குறையையும் சொல்லத்தான் வேண்டும். தூய தேவசகாயம் 1745இல் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில், பின்னாளில் எழுந்த ஆலயம் சாதிக்கொரு பக்கமாகப் பிளவுபட்டு நின்றது. காற்சட்டையின் இரு கால்களைப் போன்றது என அதை மக்கள் ஏளனம் செய்தனர். 1910இல்தான் அங்குத் தடுப்புச்சுவர் இடிக்கப்பட்டது. திருமுழுக்கில் நாம் கிறிஸ்துவையே அணிந்துகொண்டோம் என்பது தூய பவுலடியாரின் படிப்பினை. அவ்வொரே ஆடையை அணிந்தவர்களுக்கு இரு வாசல்கள் எதற்கு?

இக்காலத்திலும் ஓர் உடை நமக்குப் பாடம் சொல்கிறது. 1948 ஆகஸ்ட் 17இல் தூய அன்னை தெரேசா லொரேட்டோ மடத்து உடையைக் களைந்து, நீலக்கரையிட்ட மலிவான வெள்ளைப் பருத்திச் சேலையுடன் வெளியேறினார். கல்கத்தா ஏழைகளிடையே ஏழையாக வாழ அவர் தேர்ந்த கோலம் அது. அவர் சபையினரின் சேலைகளைத் திட்டாகரில் தொழுநோயாளர் நெய்துவந்தனர். புறக்கணிக்கப்பட்ட கைகள் நெய்த ஆடை!

ஆகவே மறு ஆண்டு நான் ஒரே நிபந்தனை விதித்தேன்: எதையும் வாங்கக்கூடாது, வாடகைக்கும் எடுக்கக்கூடாது; வீட்டில் உள்ளதே போதும். பழைய வெள்ளைச் சேலையின் ஓரத்தில் நீலத்துணியை மூன்று கோடுகளாக ஓட்டுத்தையல் இட்டால் அன்னை தெரேசா. பழுப்புப் பாவாடை, வெள்ளைத் துண்டு, கருப்புத் தலைத்துணி, முற்றத்துச் செம்பருத்திக்குப் பதில் நான்கு காகித ரோசாக்கள்: குழந்தை தெரேசா. முந்தானையில் நாலு ரொட்டித் துண்டுகளை ஏந்தினால் ஏழைகளுக்கு அப்பமிட்ட அரசி எலிசபெத்து. தூய லூசியாவின் ஒளிமுடியை அட்டையிலும் மஞ்சள் தாளிலும் செய்யலாம். உண்மை மெழுகுதிரி தலைமேல் வேண்டா. ஊக்குகளும் சிறிது பசையும் மற்றதைப் பார்த்துக்கொள்ளும்.

அன்று அந்த அம்மையாரும் வந்தார். அவர் எந்தப் புனிதையின் கோலமும் புனையவில்லை. தம் பாட்டியின் பெட்டியில் இருந்ததைப் போன்றதெனத் தாமே தைத்த வெள்ளைக் குப்பாயத்தை அணிந்திருந்தார். "எந்தப் புனிதையம்மா?" என்று ஒரு சிறுமி கேட்டாள். "பேரு தெரியாதவங்க, மக்களே" என்றார்.

புனிதர் அனைவர் பெருவிழா அப்படிப்பட்டவர்களுக்கும் உரியதன்றோ! பெயர் பீடத்தில் ஏறாத எத்தனையோ பெண்கள், ஒரு முழம் துணிக்காக அடிபட்டு, மனித மாண்பைத் தம் தோளில் தாங்கினர். 1956இல் நம் மாவட்டம் தமிழகத்தோடு இணைந்ததும் இதே நவம்பர் முதல் நாளில்தான். இனி அந்நாள் வரும்போது, வேடம் புனையும் நம் பெண்கள் ஊசியில் நூல் கோக்கையில் அவர்களை ஒருகணம் நினைத்துக்கொள்ளட்டும்.