ஓமவாட்டரும் ஜின்னும் - ஒரு வாலைக் கதை

ரொம்ப நாளா டிராஃப்ட்ல கிடந்த பதிவு இது. தலைப்பைப் பார்த்துட்டு "தம்பி கெட்டுப் போயிட்டான்"னு பின்னூட்டம் போடக் கிளம்பறவங்க கொஞ்சம் பொறுங்க. நான் குடிக்கிறதில்லை. ஆனா 2024 மே மாசம் ஒரு பாட்டிலை மோந்து பார்த்தேன். எல்லாம் அதுல ஆரம்பிச்சதுதான்.

பெங்களூர்ல எங்க டீம்ல ஒரு கொழும்புத் தமிழர் இருக்கார். ஊருக்குப் போயிட்டு வரும்போது 'கொழும்பு நம்பர் 7'னு ஒரு ஜின் பாட்டில் கொண்டு வந்தார். "குடிக்க வேண்டாம் மச்சான், ஒருக்கா மணந்து பாருமன்"னு மூடியைத் திறந்து நீட்டினார். அட! கொத்தமல்லி விதை, பட்டை, இஞ்சி, கருவேப்பிலை. எங்க ஆயா ரசத்துக்கு இடிக்கிற மாதிரி வாசனை. அதுக்குப் பின்னாடி ஒரு காரம், நேரா மூக்குல ஏறுச்சு. சின்ன வயசுல வயித்து வலின்னு அழுதா ஒரு மூடி ஊத்திக் கொடுப்பாங்களே ஓமவாட்டர், அதே ஏறல்.

அந்த வாரம் ஊருக்குப் போனப்ப ஆயாகிட்ட சொன்னேன். சிரிச்சுட்டு, "உங்க தாத்தா வாலையில வடிச்சதுதானடா ஓமத்தண்ணி. இன்னாத்துக்கு இப்ப அந்தக் கதை?"ன்னாங்க. தாத்தா திருவண்ணாமலையில நாட்டு மருந்துக்கடை வெச்சிருந்தார்னு தெரியும். வாலை இருந்தது எனக்குத் தெரியாது.

வாலைன்னா?

வடிக்கிற பாத்திரம். கீழே செம்புப் பானை, மேலே கவிழ்த்த மாதிரி மூடி, மூடியிலிருந்து ஒரு குழாய். பானையில தண்ணியும் இடிச்ச ஓமமும் போட்டு, மூடி சேர்ற இடத்துல களிமண் தடவின துணியைச் சுத்தி அடைப்பாங்க. சீலைமண்னு பேரு. அடுப்பெரிச்சா ஆவி குழாய் வழியா வந்து, குளிர்ந்த தண்ணித் தொட்டிக்குள்ள போய் சொட்டுச் சொட்டா இறங்கும்.

ஓமத்தோட வாசனைக்குக் காரணம் தைமால்ங்கிற பொருள். அது கொதிக்க 230 டிகிரிக்கு மேல வேணும். ஆனா நீராவியோட சேர்ந்தா 100 டிகிரியிலேயே கிளம்பி வந்துடும். இன்ஜினியரிங் படிச்சப்ப 'ஸ்டீம் டிஸ்டில்லேஷன்'னு மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கினது இதைத்தான். தாத்தா அஞ்சாவதோட சரி, ஆனா செஞ்சே காட்டியிருக்கார். சித்த மருத்துவத்துல உள்ளுக்குக் கொடுக்கிற மருந்து 32 வகைன்னு சொல்லுவாங்க. அதுல ஒண்ணு 'தீநீர்'. இப்படி வாலையில வடிக்கிறதுதான் அது.

ஜின்னும் அதேதான்

ஜின் தயாரிக்க முதல்ல கிட்டத்தட்ட 96 சதவீதம் சுத்தமான, மணமில்லாத ஆல்கஹால் வேணும். தானியத்துல இருந்தோ கரும்புச் சக்கைப்பாகுல இருந்தோ பெரிய ஆலைகள்ல எடுக்கிறாங்க. அதைத் தண்ணி விட்டு இறக்கி, ஜூனிபர்ங்கிற மலைப்புதரோட சின்னக் காய்களையும் மசாலா சாமான்களையும் ஊறப்போட்டு, செம்பு வாலையில திரும்பவும் வடிப்பாங்க. சில இடத்துல ஊறப்போடாம கூடையில கட்டித் தொங்கவிட்டு ஆவியை மட்டும் அது வழியா அனுப்புவாங்க. முதல்ல வர்றதையும் கடைசியில வர்றதையும் தள்ளிட்டு, நடுவுல வர்றதை மட்டும் எடுத்துக்கணும். எங்க வெட்டணும்கிறது மூக்கு சொல்ற விஷயம். அப்புறம் தண்ணி சேர்த்து 40 சதவீதம் பக்கம் கொண்டு வருவாங்க. ஜூனிபர் வாசனை தூக்கலா இருந்தாத்தான் அது ஜின். அதுக்கு அடுத்து அதிகமா போடறது எது தெரியுமா? நம்ம கொத்தமல்லி விதைதான்!

சமையல்காரங்க இந்தத் தொழிலுக்குள்ள வர்றதுல ஆச்சரியமே இல்லை. வடிக்கிற வேலையில பாதி மசாலா டப்பா வேலைதான்.

கொழும்பு ஜின்னோட கதையும் அப்படிப் பொறந்ததுதான். ராக்லண்ட்ங்கிற கம்பெனி 1924ல ஆரம்பிச்சது. ரெண்டாம் உலகப்போர் சமயம் வெளிநாட்டுச் சரக்கு எதுவும் வந்து சேரலை. ஜின் தயாரிக்கணும், சாமான் இல்லை. கார்ல் டி சில்வா விஜயரத்ன பார்த்தார்: உள்ளூர்ல கிடைக்கிற பட்டை, இஞ்சி, கருவேப்பிலையைத் தூக்கிப் போட்டார். இன்னைக்கும் அந்தப் பாட்டில்ல இருக்கிறது ஏழு சாமான்: ஜூனிபர், கொத்தமல்லி, ஏஞ்சலிக்கா வேர், அதிமதுரம், பட்டை, இஞ்சி, கருவேப்பிலை. கொழும்பு 7ங்கிறது கறுவாத் தோட்டம் இருந்த பகுதி. இந்தப் பக்கம் 2017ல கோவாவுல 'கிரேட்டர் தேன்', அடுத்த வருஷம் இமயமலை ஜூனிபர்ல 'ஹபுசா'ன்னு வரிசையா வந்துட்டாங்க. ஜின்னுக்குத் தோதான டானிக் வாட்டர், அதுக்கு வேண்டிய குயினைன், அதுக்காக நீலகிரியில போட்ட சின்கோனா தோட்டம்னு இன்னொரு பெரிய கதை இருக்கு. அது தனிப்பதிவு.

லண்டனோட கள்ளச்சாராயம்

இப்ப ஆயிரக்கணக்குல விலை போற இந்த ஜின் ஒரு காலத்துல லண்டன் சேரிகளோட சாபம். ஹாலந்துல இருந்து 'யெனேவர்'னு வந்தது, வாய் சுருங்கி ஜின் ஆச்சு. 18ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல தெருவுக்குத் தெரு காய்ச்சினாங்க. ஜூனிபருக்குப் பதிலா டர்பன்டைன் ஊத்தி வித்தாங்க. ஆமாங்க, பெயிண்டுல கலக்குறோமே, அதேதான். 1736ல அரசாங்கம் ஒரு சட்டம் போட்டுச்சு. சில்லறையா விக்க வருஷத்துக்கு 50 பவுண்ட் லைசென்ஸ். ஏழை வியாபாரி எங்க போவான்? எல்லாம் ஒளிஞ்சு நடந்துச்சு, சரக்கு இன்னும் மோசமாச்சு. 1743ல அந்தச் சட்டத்தையே வாபஸ் வாங்கிட்டாங்க. 1751ல ஓவியர் ஹோகார்த் 'ஜின் லேன்'னு ஒரு படம் வரைஞ்சார். போதையில இருக்கிற அம்மா கையிலிருந்து குழந்தை நழுவி விழுது. பார்த்தா மனசு பதறும். அதே வருஷம் வந்த சட்டம் நிதானமா, கட்டுப்படற மாதிரி இருந்துச்சு. 1830ல ஏனியாஸ் காஃபிங்கிறவர் தொடர்ச்சியா வடிக்கிற கோபுர வாலைக்குக் காப்புரிமை வாங்கினார், சுத்தமான ஆல்கஹால் சல்லிசா கிடைச்சது. கொஞ்சம் கொஞ்சமா ஜின் மரியாதைப்பட்ட சரக்கு ஆயிடுச்சு.

ஆனாலும் இங்கிலாந்துல பெரிய ஆலைக்குத்தான் அனுமதி. 1800 லிட்டருக்குக் குறைஞ்ச வாலைக்கு லைசென்ஸ் கிடையாதுன்னு அதிகாரிங்க சொல்லிட்டிருந்தாங்க. 'சிப்ஸ்மித்'காரங்க 300 லிட்டர் வாலையை வெச்சுக்கிட்டு ரெண்டு வருஷம் மல்லுக்கட்டி 2009ல வாங்கினாங்க. இன்னைக்கு உலகம் பூரா 'கிராஃப்ட் ஜின்'னு ஓடுதே, அதுக்குக் கதவு அப்படித்தான் திறந்துச்சு.

தாத்தாவோட வாலை

நம்ம பக்கம் வேற கதை. 1937ல ராஜாஜி சேலம் மாவட்டத்துல மதுவிலக்கு கொண்டு வந்தார், 1948ல மாகாணம் முழுக்க. அந்தச் சட்டப்படி சாராயம் காய்ச்சுற பாத்திரம் வெச்சிருந்தாலே குற்றம். குடி அழிச்ச குடும்பங்களைப் பார்த்துப் போட்ட சட்டம், அதுல எனக்குக் கேள்வியே இல்லை. ஆனா வாலைக்குள்ள ஓமம் இருக்கா ஊறல் இருக்கான்னு வாலையைப் பார்த்துச் சொல்ல முடியாதே.

ஆயாவுக்குக் கல்யாணம் ஆகி ரெண்டு மூணு வருஷம், 1960 வாக்குல இருக்கும்னு சொன்னாங்க. யாரோ போட்டுக்கொடுத்து போலீஸ் வந்துச்சாம். தாத்தா ஓமத்தை அள்ளிக் காட்டினாராம், சீசாவைத் திறந்து மோக்கச் சொன்னாராம். வாலையைத் தூக்கிட்டாங்க. கடைக்காரங்க நாலு பேர் போய்ச் சொன்ன பிறகு ஒரு மாசம் கழிச்சுத் திரும்பி வந்துச்சு, குழாய் நசுங்கி. "தேரடியில அத்தினி பேர் பாக்க அதத் தூக்கினு நடந்து வந்தாருடா உங்க தாத்தா. அதோட சரி. அப்புறம் அது வெந்நீர்ப் பானை ஆயிடுச்சு"ன்னாங்க. அதுக்கப்புறம் கடையில ஓமவாட்டர் வெளியூர்லேர்ந்து சீசாவுல வந்ததுதான்.

மதுவிலக்கு 1971ல போச்சு, 1974ல வந்துச்சு, 1981ல திரும்பப் போச்சு. 1987ல சாராயத்துக்கும் கள்ளுக்கும் மட்டும் தடை, 2003லேர்ந்து சில்லறைக் கடையும் அரசாங்கத்தோடது. வாலை மட்டும் பேப்பர்ல ஒரே வரியிலதான் வரும்: ஜவ்வாது மலையில இத்தனை லிட்டர் ஊறல் அழிப்பு.

இதையெல்லாம் கேட்டுட்டு பெங்களூர் வந்து ஒரு மாசம் ஆகலை, பக்கத்து மாவட்டம் கள்ளக்குறிச்சியில கருணாபுரம். 2024 ஜூன். 60 பேருக்கு மேல செத்தாங்க. அதுக்கு முந்தின வருஷம்தான் மரக்காணம், செங்கல்பட்டுப் பக்கம் 20 பேருக்கு மேல. எல்லாரும் 'காய்ச்சினது'ன்னுதான் பேசினாங்க. நிஜத்துல அது காய்ச்சினதே இல்லை. ஆலைக்குப் போற மெத்தனால். உடம்புக்குள்ள போனா ஃபார்மிக் அமிலமா மாறும், முதல்ல கண்ணைப் பிடிக்கும். வெல்லமும் வேலம்பட்டையும் ஊறப்போட்டு வடிச்சா புகை வரும், வாசனை வரும், நாள் ஆகும், மாட்டிக்குவாங்க. டிரம்முல வர்ற விஷத்துக்கு அடுப்பும் வேணாம், வாலையும் வேணாம்.

ஆயாவுக்கு போன் பண்ணினேன். டிவியில பார்த்துட்டுத்தான் இருந்தாங்க. "வடிக்கவே இல்லியாமேடா?"ன்னு கேட்டாங்க. ஆமாம்னேன். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "உங்க தாத்தா இருந்தா மோந்து பாத்தே சொல்லியிருப்பாரு"ன்னாங்க. மெத்தனாலை மூக்கால கண்டுபிடிக்க முடியாதுன்னு எனக்குத் தெரியும். சொல்லலை.

காய்ச்சறதை அனுமதிக்கணுமா வேணாமான்னு எனக்கு முடிவு சொல்லத் தெரியலை. லண்டன் மாதிரி ஆகும்னும் சொல்ல மாட்டேன், அங்க அதுக்கு 250 வருஷம் ஆச்சு, எத்தனையோ பொணம் விழுந்துச்சு. ஒண்ணே ஒண்ணுதான் உறுத்துது. ஒரே செம்புப் பாத்திரம். கொழும்புல அது கம்பெனி, கோவாவுல ஸ்டார்ட்டப், எங்க ஊர்ல சாட்சிப் பொருள். மூக்கால பதம் பார்க்கிற ஒரு தொழில் எங்க வீட்ல ஒரு மாசத்துல செத்துப் போச்சு.

பானையை அத்தை கல்யாணத்தப்பவே எடைக்குப் போட்டாச்சாம். மூடி மட்டும் பரண்ல இருக்கு. இறக்கித் துடைச்சு மோந்து பார்த்தேன். தூசு வாசனைதான்.

உங்க வீட்டுப் பரண்ல இப்படி ஏதாவது கிடந்தா, தாத்தா ஆயா யாராவது வடிச்ச கதை தெரிஞ்சா, பின்னூட்டத்துல சொல்லுங்க.

டிஸ்கி: யாரும் வீட்ல முயற்சி பண்ணிடாதீங்க. சட்டம் இன்னும் அப்படியேதான் இருக்கு :-)