மைனர் பங்களாவிலிருந்து மாஞ்சோலை வரை

மரக்காணம் உப்பளத்தில் பாடுபடும் நம் குடும்பங்களுக்கு விடுதி என்றால் ஆதிதிராவிடர் நல விடுதிதான். ஒரு தட்டு, ஒரு பாய், ஒரு டிரங்குப் பெட்டி. ஜமீன் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அன்று ஒரு விடுதி இருந்தது. அதன் கதை நம்மவர்களின் சாவில் வந்து முடிந்ததால் அதை இங்கே எழுதுகிறோம்.

சென்னை தேனாம்பேட்டையில் இருந்தது நியூவிங்டன். ஊர் வாயில் மைனர் பங்களா. வயதுக்கு வராத ஜமீன் வாரிசுகளின் சொத்தை 'கோர்ட் ஆஃப் வார்ட்ஸ்' நிர்வகித்தது. பிள்ளைகளை இங்கே தங்கவைத்து ஆங்கிலமும் துரைமார் பழக்கவழக்கமும் கற்பித்தது. அஜ்மீரில் மேயோ கல்லூரி (1875), மலாயாவில் கோலகங்சார் கல்லூரி (1905) என்று வெள்ளைக்காரன் ஆண்ட இடமெல்லாம் இதே ஏற்பாடுதான். அரண்மனைப் பிள்ளை கைக்குள் இருந்தால் ஊரும் கைக்குள் இருக்கும்.

1919 அக்டோபர் 15 இரவு, தூக்கத்தில் இருந்த முதல்வர் டி லா ஹே சுட்டுக் கொல்லப்பட்டார். தமிழர்களை அவர் இழிவாகப் பேசியதே காரணம் என்று சொல்லப்பட்டது. (பண்ணையாள் தினம் கேட்ட பேச்சு ஜமீன் பிள்ளைக்கு ஒருநாள் வலித்திருக்கிறது!) கடம்பூர், சிங்கம்பட்டி வாரிசுகள் கைதானார்கள். சிங்கம்பட்டியார் அப்ரூவரானார், பம்பாயில் நடந்த விசாரணையில் கடம்பூரார் விடுதலையானார்.

சுட்டது யார் என்ற துப்பறியும் சுவாரசியத்தோடு பலரும் கதையை முடித்துவிடுகிறார்கள். நமக்கு அதற்குப் பிறகுதான் கதையே. வழக்குச் செலவில் நொடித்துப்போன சிங்கம்பட்டி ஜமீன், 1929-ல் சுமார் 8,374 ஏக்கர் மலைக்காட்டை பாம்பே பர்மா கம்பெனிக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது என்பார்கள் திருநெல்வேலிப் பக்கம். காட்டை அழித்துத் தேயிலை வைக்க மலையேறியவர்களில் பெரும்பாலோர் நம் மக்கள். குத்தகை மண்ணில் உழைப்பது எப்படிப்பட்டது என்று உப்பளத்தில் கால் வெந்த நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஜமீன் ஒழிந்தது, குத்தகை ஒழியவில்லை. கூலி உயர்வும், சிறையிலிருந்த தொழிலாளர்களின் விடுதலையும் கேட்டு 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகம் நோக்கி ஊர்வலம் போனார்கள். போலீஸ் தடியடியில் தாமிரபரணிக்குள் விரட்டப்பட்டார்கள். பதினேழு பேர் செத்தார்கள்.

குத்தகை 2028-ல் முடிகிறது. அதற்கு முன்பே, 2024-ல், தொழிலாளர்களிடம் விருப்ப ஓய்வு எழுதி வாங்கிக்கொண்டு வீட்டைக் காலி செய்யச் சொன்னது கம்பெனி. யாருடைய விருப்பம்? தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தவர்கள் பெயரில் அந்த மலையில் ஒரு சென்ட் பட்டாகூடக் கிடையாது.