வளையம் முதல் முடுக்கமானி வரை: ஒரு வாத்தின் வரலாறு

கார்த்திகை தீபத்தன்று திருவண்ணாமலை உச்சிக்குக் கொப்பரையும் நெய்யும் திரியும் போய்ச் சேர வேண்டும். கடல் மட்டத்திலிருந்து 814 மீட்டர். சுமை தூக்கி ஏறுபவர்களுக்கு அது பல மணி நேர வேலை. பாதி வழியிலேயே நெஞ்சு படபடக்கும்.

இரண்டு மூன்று கிலோ எடையுள்ள ஒரு பறவை, கிட்டத்தட்ட இந்த மலையின் உயரத்தை ஒரே மணி நேரத்தில் ஏறுகிறது. அதுவும் நிற்காமல் ஏழெட்டு மணி நேரம்! அதன் பெயர் வரித்தலை வாத்து. வெள்ளைத் தலையில் குறுக்கே இரண்டு கறுப்புப் பட்டைகள் இருக்கும். மங்கோலியாவிலும் திபெத்திலும் குஞ்சு பொரிக்கும். குளிர்காலத்தில் இமயமலையைத் தாண்டித் தெற்கே வரும். அதில் ஒரு கூட்டம் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரி அருகிலுள்ள கூந்தன்குளம் வரை வருகிறது.

இதெல்லாம் எப்படித் தெரிந்தது? அதுதான் இந்தக் கட்டுரையின் கதை. அந்தக் கதையைத் தொடங்கி வைத்தது பறவைப் பாசம் அல்ல, நோய்ப் பயம்!

முதல் பயம்: 1957

பறவையின் காலில் அலுமினிய வளையம் மாட்டி ஆராயும் முறையை 1899-இல் டென்மார்க்கில் மார்ட்டென்சன் என்ற பள்ளி ஆசிரியர் தொடங்கி வைத்தார். வளையத்தில் ஓர் எண்ணும் முகவரியும் இருக்கும். எங்கோ யாரோ அந்தப் பறவையைப் பிடித்துத் தகவல் அனுப்பினால்தான் பலன்.

இந்தியாவில் இது பெரிய அளவில் நடந்ததற்குக் காரணம் குரங்குகள். 1957-இல் இன்றைய கர்நாடகாவின் ஷிமோகா பகுதியில், கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன. மனிதர்களுக்கும் காய்ச்சல் வந்தது. உண்ணிகள் பரப்பிய அந்த வைரஸ், ரஷ்யாவில் காணப்பட்ட ஒரு வைரஸைப் போலவே இருந்தது. உடனே சந்தேகம் பறவைகள் மேல் விழுந்தது. சைபீரியாவிலிருந்து உண்ணிகளைச் சுமந்து வந்தது இவைதானோ?

உலக சுகாதார நிறுவனம் பணம் கொடுத்தது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சார்பில் சலீம் அலி 1959-இல் வலசைப் பறவைகளுக்கு வளையமிடும் திட்டத்தைத் தொடங்கினார். பறவைகள்தான் இந்த நோயைக் கொண்டுவந்தன என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஆனால் எந்தப் பறவை எங்கிருந்து வருகிறது என்ற அறிவு வளர்ந்தது. பின்னாளில் நம் கோடியக்கரையிலும் அந்தக் கழகத்தினர் ஆண்டுக்கணக்கில் வலை விரித்து வளையம் மாட்டினார்கள்.

வளையத்தால் சொல்ல முடிந்தது இரண்டு புள்ளிகள்தான். இங்கே மாட்டினோம், அங்கே கிடைத்தது. நடுவில் நடந்தது எதுவும் தெரியாது.

இரண்டாவது பயம்: 2005

2005-இல் சீனாவின் சிங்ஹாய் ஏரியில் பறவைக் காய்ச்சல் பரவி ஆயிரக்கணக்கான காட்டுப் பறவைகள் இறந்தன. அதில் அதிகம் இறந்தவை வரித்தலை வாத்துகள். மறுபடியும் அதே கேள்வி: இவை பறந்து போய் நோயைப் பரப்புமா?

இந்த முறை கையில் இருந்த கருவி செயற்கைக்கோள் வழி இயங்கும் டிரான்ஸ்மிட்டர். ஒடிசாவின் சில்கா ஏரியிலும் நம் கூந்தன்குளத்திலும் வரித்தலை வாத்துகளைப் பிடித்து, பள்ளிப் பிள்ளைகளின் புத்தகப்பை போல முதுகில் அதைக் கட்டி விட்டார்கள். இரண்டு புள்ளிகளுக்கு நடுவே இப்போது ஒரு கோடு கிடைத்தது.

வேல்ஸ் நாட்டின் பேங்கர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூசி ஹாக்ஸ், சார்லஸ் பிஷப் முதலியோர் அந்தத் தகவல்களை வைத்து 2011-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வடக்கே திரும்பும்போது இந்த வாத்துகள் மணிக்கு 0.8 முதல் 2.2 கிலோமீட்டர் வரை உயரம் ஏறுகின்றன. அதுவும் பகலில் மலைச்சரிவில் மேல்நோக்கி வீசும் காற்றின் உதவி இல்லாமல். காற்று குளிர்ந்து அமைதியாக இருக்கும் இரவையும் அதிகாலையையும்தான் பெரும்பாலும் தேர்ந்தெடுக்கின்றன. குளிர்ந்த காற்று அடர்த்தியானது, சிறகுக்குப் பிடிப்பு அதிகம்.

படபடப்பை அளந்த கருவி

வழி தெரிந்துவிட்டது. ஆனால் அந்தப் பறவை எவ்வளவு கஷ்டப்படுகிறது என்று தெரியவில்லையே? இங்கேதான் முடுக்கமானி வருகிறது.

நம் செல்போனைத் திருப்பினால் படமும் திரும்புகிறது அல்லவா? நடந்தால் எத்தனை அடி என்று எண்ணிச் சொல்கிறது அல்லவா? அந்த வேலையைச் செய்யும் குட்டி சென்சார்தான் அது. பறவை ஒவ்வொரு முறை சிறகடிக்கும்போதும் உடல் லேசாக மேலும் கீழும் குலுங்கும். அந்தக் குலுக்கலை எண்ணினால் சிறகடிப்பின் எண்ணிக்கையும் வலிமையும் தெரியும்.

பிஷப் குழுவினர் மங்கோலியாவில், வாத்துகள் இறகு உதிர்த்துப் பறக்க முடியாமல் இருக்கும் கோடையில் அவற்றைப் பிடித்தார்கள். முடுக்கம், இதயத் துடிப்பு, காற்றழுத்தம் ஆகியவற்றைப் பதியும் கருவியை அறுவை சிகிச்சை செய்து வயிற்றுக்குள் வைத்தார்கள். கருவி எதையும் வெளியே அனுப்பாது. இந்தியா வரை போய்த் திரும்பிய அதே வாத்தை அடுத்த ஆண்டு மறுபடி பிடித்தால்தான் தகவல்!

2015-இல் முடிவு வெளியானது. எவரெஸ்டுக்கு மேலே ஒரே உயரத்தில் மிதந்து போகும் பறவை என்ற பழைய கற்பனை உடைந்தது. வாத்துகள் நிலத்தை ஒட்டியே பறந்தன. பள்ளத்தாக்கு வந்தால் கீழே இறங்கின, மறு மலை வந்தால் மறுபடி ஏறின. ஏறிய உயரத்தை இப்படி வீணாக்குவானேன்? காரணம் எளிது. மேலே காற்று மெலிவு, அங்கே சிறகை இன்னும் வேகமாக அடிக்க வேண்டும். சிறகடிப்பு 5 சதவீதம் கூடினாலே இதயத் துடிப்பு 19 சதவீதமும், செலவாகும் சக்தி 41 சதவீதமும் கூடும் என்று கணக்கிட்டார்கள். உயரத்திலேயே நீடிப்பதைவிட இறங்கி ஏறுவது மலிவு.

அதாவது இது சாகசம் காட்டும் பறவை அல்ல, சிக்கனமான பறவை. மலையேறும் மனிதனைப் போல இதற்கும் நெஞ்சு படபடக்கும். அதற்கு அஞ்சித்தான் வழியைத் தேர்ந்தெடுக்கிறது.

கடைசியில் ஒரு கேள்வி

முதல் இரண்டு கருவிகளும் பறவையிடம் கேட்டது, "நீ எங்களுக்கு என்ன கொண்டு வருகிறாய்?" மூன்றாவது கருவிதான் "உனக்கு எப்படி இருக்கிறது?" என்று கேட்டது. அதைக் கேட்கவும் பறவையின் வயிற்றைக் கீற வேண்டியிருந்தது என்பதையும் மறக்கக் கூடாது.

கிடைத்த பதிலுக்கு ஒரு கடமையும் உண்டு. ஒவ்வொரு மீட்டரையும் கணக்குப் பார்த்துப் பறந்து வரும் பறவைக்கு, வந்த இடத்தில் குளம் வறண்டிருந்தால் என்ன ஆகும்? கூந்தன்குளத்து மக்கள் தங்கள் வீட்டு மரங்களில் கூடு கட்டும் நாரைகளையும் கூழைக்கடாக்களையும் விரட்டாமல் தலைமுறைகளாகக் காத்து வருகிறார்கள். அவர்களுக்கு முடுக்கமானி தேவைப்படவில்லை. நமக்கு இப்போது கணக்கே கையில் இருக்கிறது. ஊர்க் குளத்தைத் தூர்க்கும் முன் ஒரு முறை அதைப் பார்க்கலாம்.